வெறும் பெட்டி திருப்பிக் குடுக்கிறேல்ல

1

வெள்ளவத்தை லேன் ஆக்கள் எல்லாரும் சுகமோ? பூமணி கதைக்கிறன், கோலாலம்பூரில இருந்து. எனக்கு எழுத்து வராதெண்டு உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் ரஜனி போனில தட்டுறா. தன்னைப் பற்றிக் கதை வந்தால் மட்டும் அவவின்ர விரல் கொஞ்சம் மெதுவாப் போகுது. தட்டும் பிள்ளை, தட்டும்.

நான் இஞ்ச வந்து இந்தக் கிழமையோட ஒரு வருஷம். வாட்ஸப் குறூப்பில எல்லாரும் பூப் படம் அனுப்பினீங்கள், சந்தோசம். மேல்மாடித் தவம் மட்டும் பூவோட சேர்த்து ஒரு கேள்வியும் போட்டிருந்தா. "பூமணியக்கா, மகனுக்கு அங்க சல்லி கொட்டுதாமே?" எண்டு. கொட்டுது தவம், காசு ஏன் கொட்டாமல். உள்ள வாற பக்கத்தால இல்ல, வெளிய போற பக்கத்தால.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தனான். ஆனா அதுக்கு முதல் இந்த வீட்டைச் சொல்லோணும், இல்லாட்டில் உங்களுக்கு விளங்காது. பதினெட்டாம் மாடி. காலமை எழும்பித் திரையை விலத்தினால் முகில் கீழ கிடக்கும். மேல இல்ல, கீழ. முதல் நாள் நான் பயந்துபோய், "சிவா, ஊரைக் காணேல்லயடா!" எண்டு கத்தினனான். மகன் ஒரு பக்கம் சவரம் செய்த முகத்தோட ஓடி வந்தான். ரெண்டு பேருமா நிண்டு பார்த்துக்கொண்டு நிக்க, ஊர் ஒவ்வொரு கட்டடமா வெளிய வந்துது, பாலுக்குள்ள அமத்தின பிஸ்கட் மிதந்து மேல வாற மாதிரி.

மத்தியானம் சாப்பிட்டுச் சரிஞ்சனெண்டால் அது இன்னொரு உலகம். கீழ ஓடுற பெரிய றோட்டின்ர இரைச்சல் கண்ணை மூடின உடன வெள்ளவத்தைக் கடலா மாறும். நடுவில கரையோர ரயில் ஒண்டும் வராததாலதான் இது கடல் இல்லையெண்டு பிடிபடும். அந்த அரை நித்திரையில நான் எங்க கிடக்கிறன் எண்டு எனக்கே தெரியாது. பிறந்த கொட்டாஞ்சேனையில கப்பல் ஊதுதோ, கலியாணம் முடிச்சு வந்த லேனில மீன்காரன் கூப்பிடுறானோ, இஞ்ச லிஃப்ட் கதவு திறக்குதோ. மூண்டு ஊரும் ஒரு தலகணியில. பின்னேரம் பெரிய மழை வந்து எழுப்பிவிடும். இஞ்சத்தை மழை கண்ணாடிக்கு வெளிய, என்ர கண்ணுக்கு நேர நிண்டு பெய்யும்.

கோவிக்காமல் கேளுங்கோ. எனக்கு இஞ்ச பிடிச்சுப்போச்சு. இருக்கலாமோ, இல்லாட்டில் வெள்ளவத்தைக்குத் திரும்பி வரவேண்டி வருமோ எண்டதுதான் கொஞ்ச நாளா எங்கட வீட்டுக் கதை. உங்களைப் பார்க்க விருப்பமில்லாமல் இல்ல. ஆனா திரும்பி வாறதெண்டால் நானா வரோணும், வாடகை கூடினதால வரக்கூடாது.

2

தவம், இப்ப உம்மட கேள்விக்கு வாறன்.

சிவாவை இஞ்ச எடுத்த கொம்பனி இவ்வளவு நாளும் வீட்டு வாடகையைத் தானே கட்டினது. வெளிநாட்டில இருந்து கூப்பிட்ட ஆளெண்டு ஒரு மரியாதை. இப்ப கொம்பனிக்கும் கஷ்டமாம். வாற வருஷம் தொடக்கம் வாடகை உங்கட பாடு எண்டு சொல்லிப்போட்டினம். அபியின்ர பள்ளிக்கூடமும் வெளிநாட்டுப் பிள்ளையளுக்கெண்டு இருக்கிற பள்ளிக்கூடம். அந்தக் காசில எங்கட லேன் முழுக்க வெள்ளையடிச்சு மிச்சத்துக்கு இரும்பு கேட்டும் போடலாம். கார் சும்மா நிக்கிறதுக்கும் காசு. கறண்ட் பில் வந்தால் சிவா ஏசியை நிப்பாட்டிப்போட்டு எல்லாரையும் ஒரு மாதிரிப் பார்ப்பான்.

எங்கட ஊர்ச் சாமானைச் சொல்லவே வேண்டாம். மாசிக் கருவாடு, கொறக்காய்ப் புளி, சிவப்பரிசி எல்லாம் அங்க எங்களோட சாதாரணமா இருந்ததுகள். இஞ்ச பிளேனில வந்து இறங்கின உடன பெரிய ஆக்களாயிடும். நான் விலை குறைச்சுக் கேட்டும் பார்த்தனான். வெள்ளவத்தை மார்க்கட் பழக்கத்தில தமிழ்க் கடைப் பெடியனைத் தம்பியெண்டு சிங்களத்தில "மல்லி" எண்டு கூப்பிட்டிட்டன். அவன் பேசாமல் ஒரு கட்டு கொத்தமல்லியை எடுத்து பையுக்குள்ள போட்டான். வெக்கத்தில வேண்டாமெண்டு சொல்லேல்ல. அதுவும் ஒரு செலவு.

பேந்து நான். நானும் ஒரு செலவுதானே. வயசானவைக்கு இன்சூரன்ஸ் கட்டுறது பழைய பஸ்ஸுக்குக் கட்டுற மாதிரி, ஓட ஓடக் கூடும். விசாவுக்கு ஒவ்வொருக்காலும் போய் நிக்கோணும். போன முறை மிஷினில பெருவிரலை வைக்கச் சொல்லிச்சினம். வைச்சால் மிஷின் என்னை ஆளெண்டே எடுக்குதில்ல. தேங்காய் திருவித் திருவி ரேகை அழிஞ்சுபோச்சாம். கொழும்பு புதுக்கடையில லோயரிட்ட வீட்டு உறுதி எழுதேக்க இதே விரலைத்தான் மையில தோச்சு, சிங்கம் மாதிரி வைச்சனான். இஞ்ச முக்காடு போட்ட ஒரு சின்னப் பிள்ளை, ஒபிசர், எழும்பி வந்து என்ர விரலைத் தன்ர உள்ளங்கையில வைச்சுத் தேய்ச்சு, ஊதி, திரும்ப அமத்தினா. மிஷின் பச்சை லைட் போட்டுது. அந்தப் பிள்ளை கை தட்டிச்சுது. பின்னால லைனில நிண்ட ஆக்களும் தட்டிச்சினம். பாருங்கோ, செலவைச் சொல்ல வெளிக்கிட்டு எங்க வந்து நிக்கிறன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவா சொன்னான். "அம்மா, சின்ன வீடொண்டு பார்த்திருக்கிறம். இதே வளவுதான், அங்கால புளொக். ரெண்டாம் மாடி. ரெண்டு அறை."

"நல்லம்தானே. கூட்டிறது சுகம்," எண்டன்.

அவன் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளயே பார்த்துக்கொண்டு இருந்தான். அப்பத்தான் எனக்கு ஓடிச்சுது. ஒரு அறை அவைக்கு. மற்றது அபிக்கு.

"அபியோட ஒரு அறையில..." எண்டு ரஜனி தொடங்கினவ. நான்தான் கையைக் காட்டி மறிச்சனான். பேத்திக்குப் பதினொரு வயசு. இப்ப அவளுக்குக் கதவு பூட்டுற வயசு. காதில வெள்ளையா ரெண்டு, கையில போன். நான் தமிழில கேட்டால் இங்கிலீசில மறுமொழி வரும். "ஓகே அப்பம்மா" எண்டதில அப்பம்மா மட்டும்தான் எனக்கு. அவளிட்ட உன்ர அறையில பாதியைத் தா எண்டு கேட்டால் இரக்கப்பட்டு ஓமெண்டு சொல்லுவாள். இல்லாட்டில் உண்மையைச் சொல்லி ஏலாதெண்டுவாள். ரெண்டையும் கேக்க எனக்கு மனமில்ல.

"பிள்ளையைக் கேக்காதேங்கோ. நான் தைப்பொங்கலோட வெள்ளவத்தையில தங்கச்சி வீட்டை போறன்," எண்டன். பள்ளிக்கூடச் சோதனை முடியுமட்டும் அபிக்குச் சொல்லுறேல்ல எண்டும் முடிவு. ரஜனி எழும்பிக் குசினிக்குள்ள போய் சும்மா பைப்பைத் திறந்துவிட்டா. இந்த இடத்தில விரல் நிண்டே போச்சு பாருங்கோ.

3

இனித்தான் பெட்டிக் கதை.

எங்கட கதவுக்கு நேர் முன்கதவில ஒரு சீன மனுசி, மகளோட இருக்கிறா. என்ர வயசுதான். பேர் கேட்டால் எனக்கு வாயில வராது, என்ர பேர் அவவுக்கு வராது. அதால நான் அவவுக்கு ஆன்ட்டி, அவ எனக்கு ஆன்ட்டி. அவையின்ர வருஷப்பிறப்புக்கு நீல மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில தோடம்பழம் கொண்டுவந்து தந்தா.

இப்ப சொல்லுங்கோ, அந்தப் பெட்டியை வெறுமையாத் திருப்பிக் குடுக்கலாமோ? உங்களில ஒருத்தர் குடுப்பீங்களோ? நான் உழுந்து வடை சுட்டு நிரப்பிக் குடுத்தன். ரெண்டு நாளில பெட்டி திரும்பி வந்துது, உள்ள பஞ்சு மாதிரி வெள்ளை பன், நடுவில இனிப்புப் பயறு. நான் இடியப்பம் அவிச்சு, சொதியும் வைச்சு அனுப்பினன். அடுத்த நாள் அதே இடியப்பம், முட்டையும் கோவா இலையும் போட்டு நூடில்ஸ் மாதிரிப் பிரட்டி, திரும்ப எங்கட வீட்டை வந்துது. சொதியை அவ சூப்பெண்டு குடிச்சிட்டா. சிவா தின்னுபோட்டு, "அம்மா, எங்கட சாமானை எங்களுக்கே வித்துப்போட்டினம்," எண்டான். ஆனா ருசி எண்டால் அப்பிடியொரு ருசி.

பேந்து ஓடத் தொடங்கிச்சுது பெட்டி. அங்கால இறால் போகும், இஞ்சால ஏதோ இலையில சுத்தின சோறு வரும். பயத்தம் பணியாரம் போகும், எள்ளு உருண்டை வரும். முழுநிலாப் போயாவுக்கு நாங்கள் மீன் இறைச்சி மச்சம் காச்சுறேல்ல எல்லே, அவவும் தொடமாட்டா. அதை நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கண்டுபிடிக்கேல்ல. ஒரு போயாவுக்கு நான் பூசணிக்காய் அனுப்ப, அவ அதே நேரம் தோபு எண்டு ஒரு சோயாக் கட்டியோட கதவைத் திறந்துகொண்டு நிக்கிறா. பின்னேரத்தில ரெண்டு கதிரையைப் போட்டு லிஃப்டுக்குப் பக்கத்தில இருப்பம். அவ சீனத்தில கதைப்பா, நான் தமிழில கதைப்பன். முழங்கால் கதைதான் எண்டு நினைக்கிறன், ரெண்டு பேரும் முழங்காலைத்தான் காட்டுவம்.

4

வாடகைக் கதை வந்த பிறகுதான் ரஜனி இதைக் கவனிச்சவ.

"மாமி, கோவிக்காதேங்கோ. நாங்கள் ரெண்டு வீட்டுக்குச் சமைக்கிறம்."

"ரெண்டு வீட்டுச் சாப்பாடும் சாப்பிடுறமெல்லே," எண்டன்.

"அதுதான் எல்லாற்ற சட்டையும் இறுகுது. இறாலும் கஜுவும் தேங்காயுமா எங்கட சாமான் பில்லைப் பாருங்கோ."

சிவா கதிரையில சாஞ்சுகொண்டு, "சும்மா நிப்பாட்டலாமே," எண்டான். ஆம்பிளையளுக்கு எல்லாம் லேசு.

"என்னெண்டு நிப்பாட்டுறது? பெட்டி எங்கட மேசையில கிடக்குது. குடுக்காட்டில் களவு. வெறுமையாக் குடுத்தால் அவமரியாதை. நிரப்பிக் குடுத்தால் திரும்ப வரும்."

"கழுவி வாசல்ல வைச்சு, பெல்லை அடிச்சுப்போட்டு ஓடி வந்திடுங்கோ."

"இந்தக் காலோடயோடா? அவ கதவைத் திறக்கேக்க நான் பாதி தூரத்தில நிப்பன்."

ரஜனிக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. ஆனா சிரிச்சு முடிய மூண்டு பேரும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தம். அது நீல மூடியோட, ஒண்டும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்துது.

கொட்டாஞ்சேனையில என்ர அம்மா மாசக் கடைசியில வீட்டில ஒண்டும் இல்லாட்டில் அயலுக்குப் பாத்திரம் குடுக்கேக்க ஒரு கறிவேப்பிலை நெட்டு எண்டாலும் போட்டுத்தான் குடுப்பா. எங்களிட்ட இப்ப இவ்வளவுதான் எண்டு வாயால சொல்லாமல் சொல்லுறது. எதிர்ப்பக்கமும் விளங்கிக்கொண்டு கொஞ்ச நாளைக்கு ஒண்டும் அனுப்பாது. பல்கனியில ஒரு பழைய வாளிக்குள்ள நான் கறிவேப்பிலை வைச்சிருக்கிறன். நல்ல நெட்டாப் பார்த்து ஒண்டு முறிச்சுப் பெட்டிக்குள்ள வைச்சு மூடினன். ஆனா சீன மனுசிக்கு இது விளங்குமோ? அதுக்குத்தான் அபியைக் கூட்டிக்கொண்டு போனனான். ஆன்ட்டி கொஞ்சம் இங்கிலீஸ் கதைப்பா, மகள் வடிவாக் கதைப்பா.

5

அபி வந்தாள். ஒரு காதில வெள்ளைச் சாமான், மற்றது சட்டையில தொங்குது. "டூ மினிட்ஸ் அப்பம்மா," எண்டு சொல்லித்தான் வந்தவள்.

ஆன்ட்டி கதவைத் திறந்தா. பெட்டியை வாங்கி மூடியைத் தூக்கிப் பார்த்தா. கறிவேப்பிலையை எடுத்து மணந்தா. என்னைப் பார்த்தா. பேந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா, தோள் குலுங்கக் குலுங்க. உள்ளுக்குத் திரும்பி மகளைக் கூப்பிட்டா. மகள் வந்து எட்டிப் பார்த்து, அவவும் சிரிச்சுப்போட்டு அபியிட்ட மளமளவெண்டு கதைச்சா.

"என்னவாம்?"

"அப்பம்மா, அவையும் ஸ்டொப் பண்ண ட்ரை பண்ணினவையாம்," எண்டாள் அபி. "அவ உங்களுக்காகவே மார்க்கட் போய் சாமான் வாங்கினவவாம். மகள் ஏசினவவாம். ஆனா எம்ப்டி பெட்டி குடுக்கிறது அவைக்கும் கூடாதாம்."

பாருங்கோ! ரெண்டு பக்கமும் மருமகளும் மகளும் ஏச ஏச, நாங்கள் ரெண்டு கிழடுகளும் ஒருத்தரையொருத்தர் சாப்பிடப் பண்ணியே சல்லியைக் கரைச்சிருக்கிறம். நானும் சிரிச்சன். நிலத்தில இருந்துவிடுவன் போல இருந்துது. அந்தச் சிரிப்பில நெஞ்சு லேசாகி, சொல்லக்கூடாததையும் சொல்லிப்போட்டன்.

"சொல்லு பிள்ளை, கோவமொண்டும் இல்லையெண்டு. நான் பொங்கலோட ஊருக்குப் போறன், அதுதான் எல்லாத்தையும் முடிச்சுக்கொண்டு வாறன் எண்டு சொல்லு."

அபி என்ர முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லன்."

"ஊருக்கெண்டால்? ஹொலிடேயா?"

எனக்கு அப்பத்தான் நாக்கு பல்லில பட்டுது. "இல்லையடா. அங்கயே இருக்க."

"யார் சொன்னது?"

"அதைப் பேந்து கதைப்பம். ஆன்ட்டி பார்த்துக்கொண்டு நிக்கிறா, சொல்லு."

"சொல்லமாட்டன்," எண்டாள். நல்ல தமிழ். காதில கிடந்ததைக் கழட்டிக் கையுக்குள்ள பொத்திக்கொண்டாள்.

ஆன்ட்டி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிண்டா. பேந்து மெதுவா அபியிட்ட ஏதோ கேட்டா. அபி ஒரு சொல்லில மறுமொழி சொன்னாள்.

"என்ன கேட்டவ?"

"நாங்கள் சண்டை பிடிக்கிறமோ எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டன்."

6

வீட்டுக்குள்ள வந்து அவள் போட்ட சண்டையை முழுக்கச் சொன்னால் ரஜனிக்கு விரல் நோகும். சுருக்கமாச் சொல்லுறன்.

"என்னட்ட ஏன் கேக்கேல்ல?" எண்டு தகப்பனுக்கு முன்னால போய் நிண்டாள்.

"உனக்குச் சோதனையம்மா..."

"சோதனைக்கும் அப்பம்மாவுக்கும் என்ன? அது என்ர ரூம். என்ர ரூம் எண்டால் என்னட்டத்தானே கேக்கோணும்?"

"நான்தான் வேண்டாமெண்டனான், அவையில பிழையில்ல," எண்டன்.

என்னட்டத் திரும்பினாள். "எனக்குப் பதிலா நீங்கள் ஏன் ஆன்சர் சொன்னீங்கள்?"

நான் மேசை விரிப்பை இழுத்து நேராக்கினன்.  

சிவா தொண்டையைச் செருமினான். "சரி. இப்ப கேக்கிறன். புது வீட்டில அப்பம்மா உன்ர அறையில இருக்கலாமோ?"

கட்டிப்பிடிச்சு ஓமெண்டு சொல்லுவாளெண்டு நீங்கள் நினைப்பீங்கள். நானும் நினைச்சனான். அவள் யோசிச்சாள். "முதல்ல ரூமைப் பார்க்கோணும்," எண்டாள்.

"அவள் ஓமெண்டாலும் இன்சூரன்ஸ் கிடக்குது," எண்டு நான் சொன்னன், ஆரும் பேந்து மறந்தனாங்கள் எண்டு சொல்லக்கூடாதெண்டு.

அப்பத்தான் ரஜனி சொன்னவ, "என்ர காரை விடுறன். நான் ரயிலில போறன் வேலைக்கு. பார்க்கிங் காசும் மிச்சம்." இந்த இடத்தில பாருங்கோ, எவ்வளவு கெதியாத் தட்டுறா. தன்னைப் பற்றி நல்லதெண்டால் விரலுக்குச் செட்டை முளைச்சிடும். இல்ல பிள்ளை, பகிடிக்குச் சொல்லுறன். எனக்காகக் காரை விடுறனெண்டு மகனே சொல்லேல்ல. நீர்தான் சொன்னீர். அதையும் தட்டும்.

சனிக்கிழமை எல்லாருமாப் போனம். வீடு காட்ட வந்தது இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை ஒண்டு, கையில ஒரு கொத்துத் திறப்பு. "வாங்க பாட்டி, பார்த்து வாங்க," எண்டு வாய் நிறையக் கூப்பிட்டுது. உள்ள ஒரு தட்டுமுட்டுச் சாமான் இல்ல. வெறும் வீடு எவ்வளவு சத்தம் போடும் எண்டு எனக்கு மறந்துபோச்சு. நாங்கள் நடக்க நடக்க இன்னொரு குடும்பம் பக்கத்தில நடக்கிற மாதிரிக் கேட்டுது. குசினி சின்னன், ஆனா வெளிச்சம். முகில் இல்ல. யன்னலுக்கு வெளிய ஒரு வாழை, அதுக்கங்கால கார் நிக்கிற இடம்.

அபி நேராத் தன்ர அறைக்குப் போனாள். சுவரிலயிருந்து சுவருக்குப் பார்த்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வெறும் நிலத்தில நீட்டி நிமிர்ந்து படுத்தாள், ஒரு சுவரோட ஒட்டி.

"இது என்ர கட்டில்," எண்டாள். "அப்பம்மா, மற்றப் பக்கம் படுங்கோ."

"ஐயோ பாட்டி, தரை ஒரே அழுக்கு லா," எண்டு ஏஜென்ட் பிள்ளை இந்த ஊர் 'லா'வும் போட்டுக்கொண்டு ஓடி வந்துது.

நான் படுத்திட்டன். சுவரைப் பிடிச்சு, முதல்ல ஒரு முழங்கால், பேந்து மற்றது, பேந்து முழு ஆள். நிலம் குளிராக் கிடந்துது. எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு ஆள் நடந்து போகக் காணும்.

"அலுமாரி எனக்கு," எண்டாள் அபி மேலே பார்த்தபடி.

"எனக்கு அலுமாரி வேண்டாம். ஆணி ரெண்டு அடிச்சுத் தந்தால் காணும்."

"ஃப்ரென்ட்ஸ் வந்தால் நீங்கள் ஹோலுக்குப் போகோணும்."

"போறன். வடை சுட்டுத் தரட்டோ?"

"வேண்டாம்." பேந்து தலையைத் திருப்பி, "சரி, வடை மட்டும்."

அங்கால ஹோலில சிவாவும் அந்தப் பிள்ளையும் வாடகை கதைக்கத் தொடங்கிச்சினம். அவன் குறைச்சுக் கேக்கிறான், அது ஏலாதெண்டுது, ரஜனி நடுவில புகுந்து நான் மார்க்கட்டில கேக்கிற மாதிரியே கேக்கிறா. சுவருக்குள்ள ஆற்றையோ வீட்டுத் தண்ணி பைப்பில இறங்கிப் போகுது. எங்கயோ பிள்ளையள் நீச்சல் குளத்தில குதிக்கிற சத்தம், தூரத்தில கேக்கிற பள்ளிக்கூட இன்ரவல் மாதிரி. வாழையிலை நிழல் கூரையில மெதுவா ஆடிக்கொண்டு, போறதும் வாறதும், போறதும் வாறதும். குளிர் முதுகால ஏறி, உடம்பு பாரமில்லாமல்...

ஆரோ தோளில தட்டிச்சினம். அபியின்ர முகம் எனக்கு மேல, தலைகீழா.

"குறட்டையும் கேட்டாச்சு அப்பம்மா. ஓகே. எழும்புங்கோ, அப்பா இன்னும் அட்வான்ஸ் கட்டேல்ல."